ஒப்புதலுக்குக் காத்திருப்பவை

காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டு இட்லி தின்னப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் தேன்மொழி குப்பையைக் கூட்டிவிடுவாள். அவள் ரத்தம் எடுக்கிற லேபில் உள்ள குப்பையை அல்ல, அதற்கு ஆள் இருக்கிறது. அவளுடைய வலைப்பூவில் சேரும் குப்பை. 'சுக்குவெந்நி' என்று பெயர் வைத்து, சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் பிச்சிப்பூ விலை ஏறினால் யார் யார் முகம் எப்படிப் போகும், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவர்கள் எப்படிச் சமாளித்து வீடு போய்ச் சேருகிறார்கள் என்று தோன்றியதை எல்லாம் எழுதிவந்தாள். படிக்க ஆள் குறைவுதான். ஆனால் குப்பை கொட்ட உலகமே திரண்டு வரும். வழுக்கையில் முடி முளைக்க எண்ணெய், ஜாமீன் இல்லாமல் கடன், எந்த ஊர்க்காரியோ ஒருத்தி 'உங்கள் கட்டுரை எனக்கு மிகவும் பயன்பட்டது, என் சூதாட்டத் தளத்துக்கு வாருங்கள்' என்பாள். செருப்பு தொலைந்த கட்டுரையில் அவளுக்கு என்ன பயன் கிடைத்ததோ! தேன்மொழி ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசி எழுத்து வரை படித்து, "போ சனியனே" என்று சொல்லி அழிப்பாள். எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் முடிக்க வசதி உண்டு. அந்தப் பக்கமே அவள் விரல் போகாது. அவளுடைய கல்யாணத்தைக் கெடுத்த வசதி அது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்கிற வீட்டில் அவளுக்குப் பேசி முடித்திருந்தார்கள். நிச்சயம் ஆன சந்தோஷத்தில் ஒரு பதிவு போட்டாள். வாழ்த்துகள் குவிந்தன. பட்டு எடுக்கக் கிளம்புகிற அவசரம். வாசலில் வேன் ஹாரன் அடிக்கிறது. அம்மா, "ஏட்டி, எல்லாரும் ஏறியாச்சு. நீ அந்த போனப் போட்டு நோண்டிக்கிட்டு இருக்கியே" என்று கத்துகிறாள். அவள் ஒப்புதலுக்காகக் காத்திருந்த பின்னூட்டங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ஒப்புதல் என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள். அந்த வாழ்த்துகளுக்கு நடுவில் 'உண்மை விளம்பி' என்ற பெயரில் ஒன்று இருந்தது. 'ராஜபாளையத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது நடந்த கதையை மாப்பிள்ளை வீட்டில் சொல்லியாயிற்றா? அல்லது அவர்களே விசாரித்துக்கொள்ள வேண்டுமா?' அவ்வளவுதான். கதையும் கிடையாது, கத்தரிக்காயும் கிடையாது. அந்த ஹாஸ்டலில் நடந்த பெரிய சம்பவமே சாம்பாரில் கரப்பான் பூச்சி கிடந்ததுதான். ஆனால் மாப்பிள்ளையின் அக்கா ஜவுளிக்கடை மெத்தையில், விரித்துப் போட்ட சேலைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, போனில் அதைப் படித்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லன்னா இத நீயே ஏன் போட்டு வச்சிருக்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. படிக்காமல் தட்டிவிட்டேன் என்றால் யார் நம்புவார்கள்? பட்டு எடுக்காமலே வேன் ஊர் திரும்பியது.

அப்பா வேலாயுதம் ஒரு வார்த்தை திட்டவில்லை. டீக்கடைக்குப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். பேப்பர் படிப்பார், மாத்திரை போடுவார், எப்போதாவது திடீரென்று, "அது யாருன்னு தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்பார். போன வருஷம் மாரடைப்பில் போய்ச் சேருகிறவரை அந்தக் கேள்வி ஓயவில்லை. தேன்மொழி அந்தப் பின்னூட்டத்தை அழிக்கவில்லை. வெளியே தெரியாமல், ஒப்புதலுக்குக் காத்திருப்பவை வரிசைக்குத் திருப்பி அனுப்பி அங்கேயே சிறை வைத்திருந்தாள். எழுதியவன் பெயரைத்தான் பொய்யாகப் போட்டிருந்தானே தவிர, கட்டாயம் என்று கேட்ட இடத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தான். ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த முகவரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்த முகவரிக்கு அவள் கெஞ்சி எழுதினாள், மிரட்டி எழுதினாள், நாசமாய்ப் போவாய் என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாக எழுதினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. இருக்கட்டும், என்றைக்காவது ஒருநாள் என் கையில் சிக்குவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சிக்கினான். அப்பாவின் வருஷத் திதிக்கு அவள் எழுதிய பதிவின் கீழ் வந்து சிக்கினான். 'வேலாயுதம் இல்லாத டீக்கடைக்கு நானும் போவதில்லை. தங்கமான மனிதன். நீ நன்றாக இருக்க வேண்டும் தாயி. இப்படிக்கு குருசாமி.' அடுத்த தெரு குருசாமி மாமா. விசைத்தறி வைத்திருப்பவர், அப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர், பாடைக்குத் தோள் கொடுத்தவர். படித்ததும் தேன்மொழிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒப்புதல் கொடுக்கப் போனவள், பெயருக்குக் கீழே இருந்த முகவரியைப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். அதேதான். அந்த முகவரியைத் தேடச் சொன்னதும் திரையில் இரண்டே இரண்டு வந்து நின்றன. மேலே குருசாமி. கீழே உண்மை விளம்பி.

அடப்பாவி! அவருடைய தங்கை மகனுக்கு இவளைக் கேட்டு வந்ததும், ஜாதகம் பொருந்தவில்லை என்று அப்பா நாசூக்காகக் கழற்றிவிட்டதும் அப்போது ஞாபகம் வந்தது. அந்தக் கடுப்பு! அதை மனசில் வைத்துக்கொண்டுதான் வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "விடு வேலாயுதம், அவளுக்கு ராசா மாதிரி வருவான்" என்று ஆறுதல் சொன்னாரா? அம்மா கையால் காப்பி வேறு வாங்கிக் குடித்தாரே! தேன்மொழிக்கு உடம்பு பற்றி எரிந்தது. அன்றைக்கு ஒரு பெரியவருக்கு நரம்பைத் தேடி இரண்டு தடவை தப்பாகக் குத்திவிட்டாள்.

குருசாமியின் மகள் செல்விக்குக் கழுகுமலையில் பேசி முடித்து, ஆவணியில் கல்யாணம் என்று இருந்தது. இது தேன்மொழிக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள். பழைய பின்னூட்டத்தைத் திறந்து, 'திருத்து' என்ற இடத்தைத் தொட்டு, உண்மை விளம்பி என்ற பெயரை அழித்து, 'குருசாமி, விசைத்தறி' என்று அடித்தாள். எழுதியவன் பெயரில்தானே போடுகிறோம், இதில் என்ன பொய் என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டாள். ஒப்புதல் கொடுத்தாள். இந்த முறை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் கொடுத்தாள். பிறகு இரண்டு பின்னூட்டங்களும் ஒரே முகவரியிலிருந்து வந்திருப்பதைப் படம் பிடித்து, 'என் கல்யாணத்தை நிறுத்தியது யார் என்று கேட்டவர்களுக்கு' என்று ஒரு வரி சேர்த்து, தெரு வாட்ஸப் குழுவில் போட்டாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா! குழு கொதித்தது. சுக்குவெந்நி பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் வந்து காறித் துப்பினார்கள். பொம்பளைப் பிள்ளை பாவம் சும்மா விடாது என்று ஒருவர். இவன் நெய்த சேலையை இனி உடுத்த மாட்டேன் என்று ஒருத்தி. தேன்மொழி ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசி எழுத்து வரை ருசித்துப் படித்து, ஒப்புதல் கொடுத்தாள். கெட்ட வார்த்தை இருந்தாலும் கொடுத்தாள். வாரம் முடிவதற்குள் கழுகுமலைக்காரர்கள், "ஆவணி வேண்டாம், பொறவு பாப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று தேன்மொழிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று மத்தியானம் அவள் ஒரு கரண்டி சோறு கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டாள்.

அம்மாதான் சோற்றைப் போட்டுக்கொண்டே முனகினாள். "குருசாமி அண்ணன் அப்படிச் செய்யுத ஆளா? அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

"என்கிட்ட யாரு கேட்டா?" என்றாள் தேன்மொழி.

மறுநாள் காலை, கடன் விளம்பரத்துக்கும் முடி எண்ணெய்க்கும் இடையில் இப்படி ஒன்று வந்திருந்தது. 'என் பெயர் மாரித்தாய். ஊர் பனவடலிசத்திரம். ஆடு வளர்க்கிறேன். தைராய்டுக்கு ரத்தம் கொடுக்க உங்கள் லேபுக்குச் சாப்பிட்டுவிட்டு வரலாமா? பட்டாவுக்கு எழுதிப் போட பஸ் ஸ்டாண்டு பக்கம் ஷாஜித் கடைக்கு வந்தேன். அப்படியே இதையும் கேட்கச் சொன்னேன்.' தேன்மொழிக்குச் சிரிப்பு வந்தது. பதில் எழுதப் போனவளின் கண், பழக்கதோஷத்தில் பெயருக்குக் கீழே போயிற்று.

அதே முகவரி.

திரும்பத் திரும்பப் பார்த்தாள். எழுத்தும் அதே, எண்ணும் அதே. பனவடலிசத்திரத்து மாரித்தாய்க்கும் அவள் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்? லேபைத் தன்னோடு வேலை செய்பவளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கூடக் கழற்றாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

ஷாஜித் கடை என்றால் ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பட்டா, வேலைக்கு மனு, வெளிநாடு போகிறவர்களுக்கு டிக்கெட் என்று எல்லாம் ஒரே மேஜையில் நடக்கிற கடை. ரேஷன் கார்டும் வங்கிப் புத்தகமும் கையுமாக ஒரு கூட்டம் நின்றது. முன்னால் நின்ற ஓர் அம்மாளிடம் தேன்மொழி குரலைத் தணித்துக் கேட்டாள். "இங்கன எழுதிப் போட மெயில் வேணுமாமே. உங்களுக்கு மெயில் இருக்காக்கா?"

"எங்களுக்கு ஏதுட்டி மெயிலு! கடை மெயிலத்தான் போடுவாரு. எம் மவன் வேலைக்கு எழுதுனதுக்கும் அதான், எங்க வீட்டுக்காரரு பென்சனுக்கும் அதான்."

"எல்லாருக்கும் ஒண்ணேவா?"

"பின்ன? கடை தொறந்த நாள்லேருந்து அதான."

தேன்மொழி அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே மேஜைக்கு முன்னால் யாரோ வந்து உட்கார்ந்து, எழுதிக்கொள்ளப்பா என்று சொல்லியிருக்கிறான். அல்லது சொல்லியிருக்கிறாள். இதோ இந்த அம்மாளாகக்கூட இருக்கலாம். அந்த மூலையில் சட்டைப் பையைத் துழாவுகிறவனாக இருக்கலாம். ஊரில் பாதிப் பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். யாரைப் பிடித்து உலுக்குவாள்? ஐந்து வருஷம் வளர்த்த கோபம் அப்படியே இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை. போய் இறங்கத்தான் ஆள் இல்லை. அப்போதுதான் அந்த நாற்காலியிலிருந்து அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல் கேட்டது.

"போன தடவை வேலாயுதத்தைப் பத்திச் சொன்னதுக்கு நீதான அடிச்சுக் குடுத்த. அதே எடத்துல இதையும் போட்டுரு ஷாஜித்து." குருசாமி மாமா. முதுகு இந்தப் பக்கம் இருந்தது. சட்டைக் காலர் மடங்கிக் கிடந்தது, யாரும் சொல்லாததால் அவருக்குத் தெரியவில்லை.

"போட்டுருதேன் அண்ணாச்சி. மெயிலு கடை மெயிலுதான?"

"எனக்கு ஏது வேற. அவ பதில் எழுதுனா அதுக்கு வருமா?"

"வரும். ஆனா அந்தப் பெட்டிய யாரு தொறந்து பாக்கா? வருசக்கணக்கா ஆயிரமாயிரமா குமிஞ்சு கெடக்கு. எதுவானாலும் போன் நம்பருக்கு மெசேஜ் வந்துரும்லா, அத வச்சு ஓட்டுதோம். நீங்க சொல்லுங்க, அடிக்கேன்."

குருசாமி தொண்டையைச் செருமினார். மனுவுக்குச் சொல்லுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "தாயி. நான் அத எழுதல. எப்படி எம் பேரு வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. செல்வி மூணு நாளா சாப்பிடல. அது கெடக்கட்டும், அவ தலையில என்ன எழுதியிருக்கோ அதான் நடக்கும். நான் உன்கிட்ட கேக்கது வேற."

ஷாஜித் விசைப்பலகை மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான். வரிசையில் ஒருவர், "ஏய், சீக்கிரம் முடிங்கப்பா, பஸ் போயிரும்" என்றார். தேன்மொழி வெளியே போய்விடலாம் என்று நினைத்தாள். ஆனால் போகவில்லை.

"வாராவாரம் வந்து அவன்கூட உக்காந்திருந்தேன்" என்றார் குருசாமி. "உங்க அப்பன் அது நான்தான்னு நெனச்சுக்கிட்டுச் செத்தானா? அத மட்டும் சொல்லிரு தாயி."

"அதையும் போடவா அண்ணாச்சி?"

"போடு."

ஷாஜித் தட்டி முடித்து, நாற்காலியில் சாய்ந்தான். "அனுப்பியாச்சு. இப்பம் அவுகளுக்குப் போயிருக்கும். அவுக சரின்னு அமுக்குனாத்தான் மத்தவங்களுக்குத் தெரியும்."

"அமுக்குவாளா?"

தேன்மொழியின் கோட்டுப் பைக்குள் போனில் பின்னூட்டம் வந்த மணி அடித்தது. வெளியே எடுப்பதற்குள் வரிசையில் நின்ற எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். குருசாமியும், இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் திரும்பினார்.