மழை இல்லாத படம்

பிளெக்ஸ் கடையிலிருந்து வந்த படத்தில் மழை இல்லை.

கண்ணுசாமி அலைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனார். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே, நீல வானத்தின் முன்னால், முகம் வெளுத்துப்போய் நின்றிருந்தாள் அமுதவல்லி. நேற்று மாலை இறந்துபோன தன் மனைவி இவள்தானா என்று அவருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

"இதுல மூஞ்சி நல்லாத் தெரியுதுங்க மாமா," என்றான் அவளுடைய தம்பி முருகானந்தம். "நீங்க குடுத்ததுல அக்காவத் தேடோணும். சரீன்னு சொல்லீரட்டுங்களா?"

கண்ணுசாமி அலைபேசியை அவன் கையில் கொடுத்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தவர், ராத்திரி விமானத்தைப் பிடித்து விடிந்துதான் வந்து சேர்ந்திருந்தார். குளிர்பெட்டிக்கு இடம் வேண்டி மேசையை வாசலுக்குத் தள்ளியிருந்தார்கள். அதன்மேல் அவளுடைய தடித்த புத்தகம். கேமரா வந்த புதிதில் நகரத்துத் தெருக்களை எடுத்த படங்கள். சேலத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. ஒருமுறை அவர் எட்டிப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

"ரோடும் புகையுமா இருக்குது. ஒரு ஆளக் காணோம். இதுல என்னத்தப் பாக்கறே?"

"ஆளுக போயிட்டுத்தான் இருந்திருப்பாங்க. அந்தக் காலத்துக் கேமராவுல நடக்கறவங்க பதியமாட்டாங்களாமா. ஈரத்தப் பாருங்க. பாத்தாக் குளுருதுங்களா, இல்லீங்களா?"

"அப்ப ஃபேன நிறுத்தீரு."

அவளும் சிரித்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

இப்போது அவரே திருப்பினார். அந்தி நேரத்துத் தெரு. பனிமூட்டத்தில் பாதி கரைந்த வீடுகள். ஒற்றை விளக்கு; அதன் வெளிச்சம் ஈரக் கற்களின் மேல் நெடுந்தூரம் கிடந்தது. உள்ளே யாரோ ஒப்பாரியைத் தொடங்கி நிறுத்தினார்கள். அவர் அந்தத் தெருவிலேயே நின்றிருந்தார்.

போன ஐப்பசியில், ஓமலூர் பேருந்து நிலையத்தில் யாரோ ஒரு பெண்ணிடம் அலைபேசியைக் கொடுத்து அமுதவல்லி எடுக்கச் சொன்ன படம்தான் அவர் பிளெக்ஸ் கடைக்குக் கொடுத்தது. மழைக்குள் ஒரு விளக்கு. விளக்கடியில் சின்னதாக அவள். முன்னால் வெறும் ஈரச் சாலை. அவருக்குத்தான் அனுப்பியிருந்தாள். 'மூஞ்சியே தெரியல' என்று பதில் போட்டார். அதற்கப்புறம் அவள் படம் எதுவும் அனுப்பவில்லை.

"மாமா, கடைக்காரன் கேக்கறானுங்க."

"மழ இருக்கட்டும் மாப்ள. நாங் குடுத்தத அப்படியே போடச் சொல்லு."

"பாக்கறவங்க யாருன்னு கேப்பாங்களே?"

"கேக்கட்டும். நாஞ் சொல்லிக்கறேன்."

இரண்டு மணிக்கு, சந்து முனையில் வேப்பமரத்தில் பிளெக்ஸைக் கட்டினார்கள். மாலையோடு வந்த வெளியூர்ப் பெரியவர் ஒருவர் கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல அம்மிணி எங்கீங்க?"

கண்ணுசாமி முன்னால் வந்தார். கையை நீட்டி, விளக்கடியில் விரலை வைத்தார். வெயிலில் பிளெக்ஸ் சுட்டது. பெரியவர் பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். கண்ணுசாமி விரலை எடுக்கவில்லை.