சுவருக்குள் உதைக்கும் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை மட்டும்தான் சத்தம் வந்தது. மற்ற நாளெல்லாம் ஊமையாகக் கிடக்கும் குழாய், அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை வரும் அந்த ஒரு நாளில், மதியம் தாண்டியதும் நவாலின் வீட்டுச் சுவருக்குள்ளிருந்து தும் தும் தும் என்று உதைக்க ஆரம்பித்துவிடும். அந்தச் சுவரை ஒட்டித்தான் மாமியார் ஹாஜ்ஜா ஃபஹீமாவின் கட்டில்.

"இப்படியே இடிச்சா என் நெஞ்சு நின்னுரும்டி. சத்தம் நிக்கலேன்னா நான் கீழ தீமா வீட்டுக்கே போயிடறேன்," என்றாள் கிழவி.

தீமா நவாலின் ஓரகத்தி. குழாய் வேலை கற்று, கையில் கருவிப்பையோடு அம்மான் நகரம் முழுக்கச் சுற்றுகிறவள். மாமியார் மூத்தவள் வீட்டை விட்டு இளையவள் வீட்டுக்கு மூட்டை கட்டினால் தெரு என்ன பேசும்?

போன முறை தீமா வந்து, சுவரில் தளர்ந்திருந்த குழாயைக் கிளிப் அடித்து இறுக்கிவிட்டுப் போனாள். சத்தம் கொஞ்சம் அமுங்கியதே தவிர நிற்கவில்லை. அதற்கே கிழவி, "தங்கக் கைடி உனக்கு!" என்று அவள் கையை முத்தமிட்டாள். இத்தனை வருஷம் மன்சஃப் கறிச்சோறு சமைத்துப் போட்ட கைக்கு ஒரு முத்தம் உண்டா?

"அவதான் மோட்டார் போட்டு நம்ம தண்ணிய உறிஞ்சறா. அதான் குழாய் அலறுது," என்றாள் நவால் கணவனிடம்.

"அவ தும்மினாலும் உனக்குக் குத்தம்," என்று ஆதிஃப் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினான்.

அடுத்த செவ்வாய், உதை தொடங்கியதுமே நவால் மொட்டைமாடிக்கு ஓடினாள். கையும் களவுமாகப் பிடித்துவிடும் வேகம். தீமாவின் மோட்டாரைத் தொட்டாள். ஜில்லென்று கிடந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது நவாலின் சொந்தத் தொட்டியின் குழாய்தான். தீமா புதுத் தொட்டி வாங்கினாள் என்பதற்காகவே, அதைவிட அகலமாக ஒன்றை ஆதிஃபை நச்சரித்து வாங்க வைத்திருந்தாள்.

மூடியைத் திறந்தாள். தொட்டி நிறையப்போகிற நேரம். குழாயிலிருந்து விழும் தண்ணீர் அகலமான பரப்பில் அலை எழுப்பியது. வால்வோடு கம்பியால் இணைந்த மிதவைப் பந்தை அலை தூக்கினால் வால்வு படக்கென்று மூடியது. ஓடிவந்த தண்ணீர் போக இடமில்லாமல் முட்டி, குழாய் முழுவதையும் உதைத்தது. அலை இறங்கினால் பந்தும் இறங்கி வால்வு திறந்தது. மறுபடி அலை, மறுபடி உதை.

கையை விட்டுப் பந்தை ஆடாமல் பிடித்தாள்.

"அத்தை! சத்தம் இருக்கா?" என்று படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"நின்னுருச்சு! தீமா வந்துட்டாளா?"

"நான்தான் அத்தை!"

"நீயா?"

அந்த 'நீயா' அவள் நெஞ்சில் தைத்த நேரம் பார்த்துத் துணிக்கூடையோடு தீமா மேலே வந்தாள்.

"என்னக்கா, மீனா பிடிக்கிறீங்க?"

"உன் மோட்டாரப் பிடிக்க வந்தேன்."

"அது எரிஞ்சுபோய் மாசமாச்சு." தீமா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "அட, பந்துதான் குதிச்சிருக்கு! நான் சுவரையே பாத்துட்டிருந்தேன். விடுங்கக்கா, நாளைக்கு வேற மாதிரி வால்வு வாங்கி மாட்டிடறேன்."

நாளைக்கு மாட்டினால் இன்னொரு முத்தம். "நீ ஒண்ணும் மாட்ட வேணாம்," என்றாள் நவால்.

பந்தை விடாமல் யோசித்தாள். கையை எடுத்தால் உதை வரும். ராத்திரி பகலாகப் பிடித்துக்கொண்டும் நிற்க முடியாது. ஆனால் பந்து மேலே வரவே கூடாது என்பதில்லை. துள்ளாமல், மெதுவாக வந்தால் போதும். கூடவே ஏதாவது கனமாக இழுபட வேண்டும். தண்ணீரே இழுபட்டால்?

கீழே போய் ஒரு காலி லப்னெ தயிர் டப்பாவும் நைலான் கயிறும் எடுத்து வந்தாள். விளிம்பில் துளையிட்டு, டப்பாவை மிதவையின் கம்பியில் தொங்கவிட்டாள்.

தீமா துணி உலர்த்துவதை விட்டுவிட்டு உதட்டைக் கடித்தபடி பார்த்தாள். "எனக்கு ஏன்க்கா இது தோணல?" குரலில் லேசான எரிச்சல். நவாலுக்கு அது தேனாக இனித்தது.

டப்பா தண்ணீருக்குள் முழுகி, வாய் மேலே பார்க்க நிரம்பி நின்றது. அலை பந்தைத் தூக்கப் பார்த்தால் டப்பாத் தண்ணீரையும் சேர்த்தே தூக்க வேண்டும். சட்டென்று அது முடியாது. பந்து நீர்மட்டத்தோடு மெல்ல ஏறியது, வால்வு மெல்ல மூடியது, குழாய் உதைக்கவில்லை. நவால் ஈரக் கையைத் துடைக்காமலே, முத்தம் வாங்க அத்தையிடம் படியிறங்கினாள்.