சூசையப்பர் பெயரிட்ட சுருள்

பங்குனி முதிர்ந்துவிட்டது. சேர்வராயன் முகட்டில் ஒரு துணுக்கு மேகமும் இல்லை. சேலத்து வானம் உருக்கிய ஈயம்போல் வெளிறி அசைவற்றுக் கிடந்தது. வேம்பு மட்டும் பூத்திருந்தது. அந்தக் கசப்பு மணமும் நண்பகலில் அடங்கிவிடும். புள்ளெல்லாம் குரலவிந்து இலைமறைவில் ஒடுங்கும் அப்பொழுதில், தெருக்கள் நோன்பு காப்பனபோலத் தோன்றும். கிறிஸ்தவர்களுக்கோ அது தவக்காலத்தின் கடைப்பகுதி. ஆண்டவர் பட்ட பாடுகளை நினைந்து நெஞ்சு கனத்திருக்கும் அந்நாள்களில், மண்ணும் மரமும் அவரோடு சேர்ந்தே தாகித்திருப்பதாக இன்பமேரி நம்பினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் ஆண்டு அது. இரயில்வேயில் எழுத்தராயிருந்த அவள் கணவர் அமிர்தசாமி கிறிஸ்து பிறப்புத் திருநாள் கழிந்த வாரத்தில் இறைவனடி சேர்ந்திருந்தார். ஃபேர்லேண்ட்ஸில் இருந்த வாடகை வீட்டை அவள் உயிர்ப்புத் திருநாளுக்குள் காலி செய்ய வேண்டும். வீட்டில் வைத்துப் பார்க்கும் படச்சுருள்களை அமிர்தசாமி ஆயுளெல்லாம் சேர்த்தவர். வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பியபோது விட்டுச்சென்ற சிரிப்புப் படங்கள், கப்பல் காட்சிகள், அவரே சிறு காமிராவில் பிடித்தவை என்று ஓர் அறை நிறையத் தகர டப்பாக்கள்.

அவற்றை எடுத்துக்கொள்ள ஒருவன்தான் முன்வந்தான், செவ்வாய்ப்பேட்டை வேலுசாமி. அவனுக்குப் படம் வேண்டியதில்லை. சுருளைக் காரநீரில் ஊறவைத்து அலசினால் உருவமெல்லாம் கரைந்து, அடியில் வெள்ளி படியும். அது கொலுசுப் பட்டறைக்குப் போகும். எல்லாவற்றையும் டப்பாவோடு எடைபோட்டு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. இன்பமேரி சரியென்று வாக்குக் கொடுத்திருந்தாள். மூன்று மணிக்கு வண்டி வரும்.

இரண்டு மணிக்குச் சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு குடியானவரும் அவர் மனைவியும் வந்து வாசலில் நின்றார்கள். செங்கோட்டையன், வள்ளியாத்தாள் என்று பெயர் சொன்னார்கள். வெயிலில் நடந்த முகங்கள்; கொடுத்த தண்ணீரைக்கூட அவர்கள் முழுதாகக் குடிக்கவில்லை.

"அம்மிணி, படமெல்லாம் வெலைக்குப் போவுதுன்னு பஸ்ஸுல பேசிக்கிட்டாங்க," என்றார் செங்கோட்டையன். "எங்கூட்டுப் பையன் அதுல இருக்கறானுங்க."

அமிர்தசாமி ஒருமுறை அவர்கள் ஊர் மாரியம்மன் தேரைப் படம் பிடிக்கப் போயிருந்தார். அவர்களுடைய ஒரே மகன் அம்மாசி அப்போது காமிராவுக்கு முன்னால் ஓடினானாம். 'பையன் என் படத்துல விழுந்துட்டான், ஒருநாள் வந்து பாருங்க' என்று சிரித்தபடி அவர் அழைத்திருக்கிறார். அதே ஆண்டு ஐப்பசியில் பையன் காய்ச்சலில் போய்விட்டான். அவன் முகம் வேறெந்தப் படத்திலும் இல்லை. பார்க்கும் துணிவு இத்தனை ஆண்டுகளாக அவர்களுக்கு வரவில்லை.

இன்பமேரி அலமாரியைத் திறந்தாள். டப்பாக்களின் மீது நாளும் இல்லை, ஊரும் இல்லை. படம் பிடித்த நாளுக்குரிய புனிதரின், அர்ச்சிஷ்டவரின், பெயரை எழுதிவைப்பது அமிர்தசாமியின் வழக்கம். அர்ச். அந்தோணியார், அர்ச். அன்னம்மாள், அர்ச். லூர்து மாதா என்று அலமாரி முழுவதும் வானுலகத்தார் வரிசையாக அமர்ந்திருந்தார்கள்.

"அன்னைக்கு அவர் ஏதாவது சாமி பேர் சொன்னாரா? நினைச்சுப் பாருங்க ஐயா."

வள்ளியாத்தாள்தான் மெல்லச் சொன்னாள்: "தச்சு வேலை செஞ்ச சாமியோட நாளுன்னாருங்க. தேருக்கு ஆப்பு வெக்கற ஆசாரிகிட்ட, 'எங்க சாமியும் உம்ம சாதிதான்'னு சொன்னாரு. ஆசாரி சிரிச்ச சிரிப்புல உளியே கீழ உளுந்துருச்சுங்க."

"சூசையப்பர்!" என்று இன்பமேரி எழுந்தாள். இயேசுவை வளர்த்த தச்சர் அவர்.

மேல்தட்டில் அந்தப் பெயரிட்ட டப்பா கிடைத்தது. கூடத்துச் சன்னல்களைச் சாத்தி, சுவரில் வேட்டியைக் கட்டி, படம் காட்டும் கருவியில் சுருளை ஏற்றினாள். கணவருக்கு ஒத்தாசை செய்து பழகிய கைகள் அவை. பல்பு ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அதுவும் கறுத்துப்போயிருந்தது.

வெளிச்சம் விழுந்தது. லீலி மலர் ஏந்திய சூசையப்பர் சுரூபம், வெள்ளுடைச் சிறுமிகள், கோவில் மணிக்கூண்டு. தேர் இல்லை. கடைசி வரை இல்லை.

"இது எங்கூர் இல்லீங்க," என்றார் செங்கோட்டையன்.

"உங்க தேர் எந்த மாசம்?"

"சித்திரைங்க."

இன்பமேரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். பங்குனியில் வரும் சூசையப்பரின் பழைய திருநாளையே அவள் நினைத்திருந்தாள். உழைப்பாளரின் காவலராகவும் அவரைப் போற்றும்படி மே முதல் நாளைத் திருச்சபை அண்மையில்தான் அவருக்கு ஒதுக்கியிருந்தது. அப்படியானால் சூசையப்பர் பெயரில் இன்னொரு டப்பா இருக்க வேண்டும்.

அலமாரி இருந்த அறைக்கு விரைந்தாள். கீழ்த்தட்டுகள் காலியாக இருந்தன. இருட்டாக்கிய கூடத்தில் அவர்கள் இருந்த நேரத்தில் வேலுசாமியின் ஆட்கள் பின்வாசல் வழியாகச் சாக்குகளைச் சுமந்து போயிருந்தார்கள்.

வெளியே ஓடினாள். வேலுசாமி வண்டியின் மேல் நின்று சாக்குகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒரு டப்பா வேணும். பிரிங்க."

"எடை போட்டாச்சுங்கம்மா. எடை போட்டா எஞ்சாமான். அதுக்குள்ள என்ன, உங்க ஊட்டுக்காரரு தங்கக்காசா வெச்சுட்டுப் போயிருக்காரு?"

"இவங்க பிள்ளை இருக்கு."

அவன் சிரிக்க வாயெடுத்தான். பின்னால் நின்ற வள்ளியாத்தாளைக் கண்டதும் சிரிப்பு பாதியில் நின்றது. முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தான். மூன்றாம் சாக்கில் டப்பா அகப்பட்டது. அதை அவள் கையில் தரவில்லை. "பாத்துட்டு எனக்கே வரோணும்," என்று அக்குளில் இடுக்கியபடி அவனும் உள்ளே வந்தான்.

சுருள் காய்ந்து முறுகியிருந்தது. விளிம்பில் துளைகள் கிழிந்திருந்தன. பல்பு இருமுறை மங்கி மீண்டது.

தேர் வந்தது. குடை ஆடியது. வடம் பிடித்த முதுகுகள் வெயிலில் மின்னின. ஆசாரி குனிந்து சக்கரத்தடியில் கட்டையை வைத்தார். அவருக்குப் பின்னாலிருந்து அரைஞாண் தெரிய ஒரு சிறுவன் பாய்ந்து வந்தான், நேரே பார்த்தான், முன்பல் இல்லாத வாயை அகலத் திறந்து பழிப்புக் காட்டினான்.

"நிறுத்துங்க! ஐயோ, அப்படியே நிறுத்துங்க!"

செங்கோட்டையன் கருவியின்மேல் பாய்ந்தார். இன்பமேரி அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். அயல் ஆடவர் ஒருவரையும் அதுவரை அவள் வாழ்நாளில் தொட்டதில்லை.

"நின்னா பல்பு சூட்டுல வெந்துபோயிரும், ஐயா! அந்த இடத்துலயே பிள்ளை முகம் பொசுங்கிப்போகும். ஓடவிடுங்க, ஓடுறவரைக்கும்தான் இருக்கும்!"

அவர் கை அந்தரத்தில் நின்றது. சிறுவன் திரும்பி ஓடிக் கூட்டத்தில் மறைந்தான். தேர் நகர்ந்தது. சிறிது நேரத்தில் பல்பு நீலமாய் ஒளிர்ந்து அணைந்தது. இன்பமேரி இருட்டிலேயே தடவிச் சுருளைச் சுற்றி எடுத்தாள்.

"பல்லு உளுந்திருந்துச்சு," என்றாள் வள்ளியாத்தாள். "நான் மறந்தே போயிட்டனுங்க. கூரை மேல வீசோணும்னு அடம்புடிச்சான்."

சன்னலைத் திறந்தபோது வேலுசாமி சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தான். இன்பமேரி சுருளை நெஞ்சோடு அணைத்திருந்தாள். கொடுத்த வாக்கு ஒரு புறம் இழுக்க, நெஞ்சு மறுபுறம் இழுத்தது. செங்கோட்டையன் அவள் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. தோள்துண்டை எடுத்து வலக்கைமேல் விரித்து, வேலுசாமி முன்னால் நீட்டினார். மாட்டுச்சந்தையில் பிறர் அறியாமல் விரல் பிடித்து விலை பேசும் முறை அது. எத்தனை விரல் பிடித்தாலும் மறுக்கப்போவதில்லை என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. சந்தை அறிந்தவர் ஒருபோதும் காட்டக்கூடாத முகம்.

வேலுசாமி துண்டுக்குள் கையை விட்டான். வள்ளியாத்தாள் கணவரின் முகத்தையே பார்த்திருந்தாள்.

"என்னுங்க, வெரலே புடிக்கமாட்டீங்கறீங்க?" என்றார் செங்கோட்டையன். "கையத்தான புடிச்சிருக்கறீங்க?"

வேலுசாமி கையை உருவிக்கொண்டான். "டப்பா எடையில சேந்தது, தகரத்தக் குடுத்துருங்க. உள்ள இருக்கறதுல வெள்ளியத் தேடுனாலும் கால் கொலுசுக்குக் காணாது." வெற்று டப்பாவை எடுத்துக்கொண்டு, யாரையும் பாராமல் வெளியேறினான். வண்டிக்காரனை அவன் காரணமின்றித் திட்டுவது உள்ளே கேட்டது.

"கருவியையும் எடுத்துட்டுப் போங்க," என்றாள் இன்பமேரி. "பல்பு மெட்ராஸ்ல கிடைக்கும். ஆனா நிறுத்த மட்டும் ஆசைப்படாதீங்க, ஐயா."

செங்கோட்டையன் சிவந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டே தலையசைத்தார்.

இன்பமேரி சுருளை வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டினாள். கட்டியதை உடனே கொடுக்க மனம் வரவில்லை. சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் முன் முழந்தாளிட்டு, பெருவிரலால் அந்தத் துணிமேல் சிலுவை வரைந்து, அம்மாசி என்ற பெயரைச் சொல்லி மரித்தோருக்கான செபத்தை மெல்லிய குரலில் சொன்னாள். பொருள் விளங்காவிட்டாலும் வள்ளியாத்தாள் கைகூப்பி நின்றாள். மகன் பெயர் வந்த இடத்தில் மட்டும் அவள் உதடும் அசைந்தது.

பிறகு சுருளை வாங்கி இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, இன்பமேரியின் தலையில் கை வைத்தாள்.

"உங்க வவுறு குளுரோணும், சாமி. ஒரு நோவுநொடியும் அண்டாம, நீங்க நல்லா இருக்கோணும்."