பானெட்டில் பட்ட கை

மானேபஞ்ஜாங்கிலிருந்து சந்தக்பூ மலைக்கு ஏறும் பழைய லேண்ட்ரோவர்களுக்கு வெளித்தகடு அலுமினியம். பெயின்ட்டுக்கு முன் இரும்புக்கு அடிக்கும் பிரைமரை அதன்மேல் அடித்தால் ஒரே பனிக்காலத்தில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். தகட்டை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் தனி பிரைமர் வேண்டும். அதற்கு முன் உப்புத்தாளால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அது காய்வதற்குள் வேறொரு காய்ந்த துணியால் வழித்தெடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே துணி என்றால் எண்ணெய் போகாது, பரவும். துடைத்த பிறகு வெறும் கை படவே கூடாது.

இதையெல்லாம் டிரைவர் நோர்தென் அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் வண்டியில் கை வைத்தேன். முதல் நாள் கதவுகள் முடிந்தன. மறுநாள் காலை பானெட்டைத் துடைத்துவிட்டு, பிரைமர் கலக்க என் பெயின்ட் கொட்டகைக்குள் போனேன். திரும்பும்போது நோர்தென் வந்து வண்டியருகே நின்றிருந்தார். அடித்தால், நடுவில் மட்டும் குழி குழியாகப் பிரைமர் விலகி ஓடுகிறது, எண்ணெய்ச் சட்டியில் விட்ட தண்ணீர் மாதிரி.

"யார் தொட்டது?" என்றேன்.

"யாரும் தொடல," என்றார் நோர்தென். பிறகு, எதிர் டீக்கடையில் நின்ற டிரைவர்கள் எல்லாம் திரும்பும்படி கத்தினார். "மட்டமான பிரைமர வாங்கி அடிச்சிட்டு எம்மேல பழி போடுறியா பின்மாயா? சிலிகுரில விட்டிருந்தா இந்நேரம் கண்ணாடியா மின்னும்!"

அந்தக் கூட்டத்தில் நின்ற கஜேந்திர சுப்பாவின் வண்டிதான் அடுத்து என் கொட்டகைக்கு வர வேண்டியது. அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். ஏமாற்றுக்காரி என்று ஸ்டாண்டில் ஒருமுறை பேர் விழுந்தால் அப்புறம் எந்த வண்டியும் வராது.

"இதே டப்பாதானே கதவுக்கும் அடிச்சேன்? அதுல ஏன் குழி விழல?"

மாட்டிக்கொண்ட டிரைவர் இங்கே வண்டிமேல்தான் சத்தியம் செய்வான். அவரும் பானெட்டில் உள்ளங்கையைப் பதித்து, அதே கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். "சத்தியமா நான் தொடல!"

ஈரப் பிரைமர் நெற்றியில் மஞ்சளாக அப்பியது. டீக்கடையே சிரித்தது.

"அண்ணே, பொட்டு பிரமாதம்!" என்றான் கஜேந்திரன். "காலைல வந்ததும் வண்டியத் தொட்டுக் கும்பிடுற கை, இன்னைக்கு மட்டும் சும்மாவா இருந்திருக்கும்?"

நோர்தென் தன் கையையே பார்த்தார். கடுகெண்ணெய் தேய்க்காமல் குளிரில் வெளியே வராத மனிதர். தொட்டது அவருக்கே தெரியவில்லை. தெரியாமல் தொட்டதை விட்டுவிடலாம். என்ன ஏது என்று தெரியாமலே என்னை ஏமாற்றுக்காரி ஆக்கினாரே, அதை எப்படி விடுவது?

"சரி சரி, மேல இன்னொரு கோட் அடி. மூடிடும்."

"மூடாது. எண்ணெய் அடியில இருக்கு. எத்தன கோட் அடிச்சாலும் குழி மேல வரும். தகடு தெரியிற வரைக்கும் தேய்ச்சு, முதல்லேருந்து துடைக்கணும்."

"அப்ப தேய்."

"நான் தேய்ச்சாச்சு. இப்ப உங்க முறை." கையுறையையும் உப்புத்தாளையும் நீட்டினேன். "அதுக்கு முன்னாடி, மட்டம்னு கத்துனீங்களே, அதே சத்தத்துல நல்ல பிரைமர்னு சொல்லுங்க."

முணுமுணுத்தார்.

"இங்க கேக்கல அண்ணே!" என்றது டீக்கடை.

"நல்ல பிரைமர்தான்யா!"

"அக்கா, திங்கக்கிழம எம்வண்டிய விடுறேன்," என்றான் கஜேந்திரன். "கையக் கட்டிக்கிட்டுத்தான் வருவேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து தேய்க்கத் தொடங்கிய நோர்தெனின் பக்கத்திலேயே நின்றேன்.

"வட்டமா தேய்க்காதீங்க. கீறல் பெயின்ட்டுக்கு மேலயும் தெரியும். நேரா தேய்ங்க. இன்னும் நேரா."