தங்கை எழுத மறுத்த வரி

அண்ணன் லாரி ஓட்டுபவன். கலவரம் நடந்துகொண்டிருந்த மலைச்சாலையில் துப்பாக்கிக்காரர்கள் வண்டியை மறித்து, "உன் மதம் பொய்னு ஒரு வார்த்தை சொல்லு, விட்டுடறோம்" என்றார்கள். பின்னால் வந்த லாரிக்காரர் சொன்னார், பிழைத்தார். அண்ணன் சொல்லவில்லை.

தங்கை பெயர்ப்பலகை எழுதுகிறவள். அந்த மதத்தை விட்டு அவள் விலகி வெகுகாலம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அண்ணனோடு வாய்ச்சண்டை ஓயாது, மனஸ்தாபம் மட்டும் வந்ததில்லை. "நீ நரகத்துக்குப் போனாலும் நானே லாரியில கொண்டுபோய் இறக்கி விடறேன், வாடகைகூட வேணாம்" என்பான்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம், வழிபாட்டுக் கூடத்தின் தலைவர் அண்ணியையும் அழைத்துக்கொண்டு அவள் கடைக்கு வந்தார். அவள் சிவப்புப் பெயிண்டில் டர்பன்டைன் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"கூடத்து வாசல்ல பெரிய பலகை வைக்கறோம்மா. அண்ணன் படம், கீழே ஒரே ஒரு வரி. 'பொய்க்காக எவனும் உயிரைக் கொடுக்க மாட்டான்.' நீ எழுதினாத்தான் பொருத்தம்."

அவள் கலக்குவதை நிறுத்தினாள். "இந்த வரியை நான் ஏற்கெனவே எழுதிட்டேன்."

"யாருக்கு?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம், எதிர் மதத்துக்காரங்க கூடத்துக்கு. கூலிக்கு, யோசிக்காம எழுதிட்டேன். அவங்க வாத்தியாரை நம்ம ஆளுங்க பிடிச்சுவெச்சு இதே மாதிரிதான் கேட்டாங்க. அவரும் சொல்ல மாட்டேன்னுட்டார். சுட்டுட்டாங்க."

தலைவரின் முகம் சுருங்கியது. "அந்த ஆள் ஏமாந்து போனவன். அது வேற கதை."

"அப்ப ஏமாந்தவனும் உயிரைக் கொடுப்பான்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு இந்த வரி?"

"துப்பாக்கிக்கு முன்னால அசையாம நின்னானேம்மா! உள்ளே உண்மை இல்லாம அந்தத் தைரியம் வருமா?"

"வாத்தியாருக்கு வந்துச்சே."

அதுவரை சுவரைப் பார்த்தபடி நின்றிருந்த அண்ணி திரும்பினாள். "அப்போ அவர் வீணா செத்தார்ங்கறியா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்திருந்தாள். பெயிண்ட் டப்பாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள்: "வீண்னு சொல்லலை அண்ணி. அவன் மனசார நம்பினான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நம்பினது நிஜமா இல்லையான்னு அவன் சாவை வெச்சுச் சொல்ல முடியாது. அவன் எப்படிப்பட்டவன்னுதான் அது சொல்லுது. எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாது" என்றாள் அண்ணி.

தலைவர் எழுந்தார். "கூடத்து வேலை இனிமே உனக்கு வராது. நம்ம ஜனங்களும் வரமாட்டாங்க. யோசிச்சுக்க."

"யோசிச்சாச்சு. நம்பாததைச் சொல்லச் சொன்னாங்க, அவன் மாட்டேன்னான். நம்பாததை எழுதச் சொல்றீங்க, நானும் மாட்டேங்கறேன். அவன்கூடப் பிறந்தவதானே நான்?"

வேறொருவர் எழுதிய பலகை கூடத்து வாசலில் ஏறியது. ஆற்றின் இரு கரையிலும் இப்போது ஒரே வரி. அவள் தன் கடை முன்னால் ஒரு பலகை மாட்டினாள்: "என் அண்ணன். நம்பாததைச் சொல்லாதவன்."

அதில் தார் பூசினார்கள். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, மறுபடியும் எழுதினாள். மறுபடியும் பூசினார்கள். வேலை தருவோர் குறைந்துபோனார்கள். அவள் பலகையை இறக்கவில்லை.

ஒரு நண்பகல் அண்ணி வந்து நின்றாள். வழிபாடு முடிந்து நேரே வந்திருந்தாள்.

"அவர் நம்பினது உண்மைதான். நீ என்ன சொன்னாலும் நான் மாற மாட்டேன்."

"மாற வேணாம் அண்ணி."

"உன்மேல கோபமும் போகலை."

"சரி."

அண்ணி பலகையை அண்ணாந்து பார்த்தாள். தார் 'அண்ணன்' என்ற சொல்லின் மேல் வழிந்திருந்தது. தெருவில் கூடத்துக்காரர்கள் இரண்டு மூன்று பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்த்தபடியே அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஏணியை எடு" என்றாள்.