ஒரு கைப்பிடிக்கு மேல்

இடுப்பு எலும்பு முறிந்துகிடந்த தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள மூன்று வாரம் போனபோது, லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி வீட்டையும் மூன்று வாத்துகளையும் கணவர் பொறுப்பில் விட்டுப்போனாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாத்துகளுக்கு மட்டும் ஒரு தாள் முழுக்க எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். இரண்டு வேளையும் வாத்துத் தீனி. ஆசைக்கு ஏதாவது கொடுப்பதென்றால் பச்சைப் பட்டாணி, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், லெட்யூஸ் இலை. அதுவும் மூன்றுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி, பக்கத்திலேயே தண்ணீர். பிரெட் கூடாது. இந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

முதல் நான்கு நாள் அவர் அப்படித்தான் செய்தார். வாத்துகள்தான் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கிண்ணத்தோடு பின்கதவைத் திறந்தால் போதும், கடன்காரனைக் கண்டதுபோல மூன்றும் வேலிச் செடிக்கு அடியில் பதுங்கிவிடும். முதலில் நழுவுவது ஆண் வாத்து. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கட்டிப்போன தொண்டையில் யாரையோ அதட்டியபடியே நடப்பதால் அதற்கு வாத்தியார் என்று மனைவி பெயர் வைத்திருந்தாள். மற்ற இரண்டும் குண்டம்மா, வாயாடி. அவள் குரல் கேட்டால் மூன்றும் காலைச் சுற்றிக்கொள்ளும். இவர் வைத்த பட்டாணியை, இவர் உள்ளே போன பிறகுதான் வந்து தின்றன.

ஐந்தாம் நாள் காலை பின்படியில் உட்கார்ந்து டீயில் பிரெட்டைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். ஒரு துண்டு கைதவறி விழுந்தது. வாத்தியார் செடிக்கு அடியிலிருந்து தலையை நீட்டியது, ஒரு கணம் யோசித்தது, விடுவிடுவென்று வந்து அவர் செருப்பருகே கிடந்ததை விழுங்கிவிட்டு இன்னும் என்பதுபோல நிமிர்ந்து பார்த்தது. அவர் இன்னொரு துண்டு போட்டார்.

இரண்டே நாளில், வேலை முடிந்து வந்து கேட்டைத் திறக்கும் சத்தத்துக்கே மூன்றும் இறக்கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தன. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் வந்துவிட்டார் என்று யாரும் ஓடிவந்தது கிடையாது. ஒரு துண்டு நாலாயிற்று, நாலு அரைப் பாக்கெட் ஆயிற்று. தினமும் மாலை ஆறு மணிக்கு மனைவி வீடியோவில் கூப்பிடுவாள். வாத்துகள் அவர் முழங்காலை ஒட்டி நிற்பதைப் பார்த்து, என்ன மந்திரம் போட்டீங்க என்று கேட்டாள். பழகிடுச்சு என்றார் அவர். பெருமை பிடிபடவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை இரண்டுதான் ஓடிவந்தன.

வாத்தியார் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. தூக்கினார், திமிறவில்லை. கழுத்து முடிந்து மார்பு தொடங்கும் இடத்தில் கைக்குக் கெட்டியாக ஒரு உருண்டை தட்டுப்பட்டது. பிசைந்த மாவை அமுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. போனில் தேடியபோது தலைகீழாகப் பிடித்து அமுக்கச் சொல்லி ஒரு வீடியோவில் ஒருவன் செய்துகாட்டினான். காலைப் பிடித்துக் கவிழ்க்கப் போனார். வாத்தியாரின் தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம் வந்தது. பயந்துபோய் நிமிர்த்தினார். அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து அதை வைத்து, வேன் சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டி, கால்நடை மருத்துவரிடம் ஓட்டினார். வழியில் இரண்டு இடத்திலிருந்து லிஃப்ட் நின்றுவிட்டதாக அழைப்பு வந்தது. இரண்டையும் கூட்டாளி தலையில் கட்டினார்.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். வாத்தியாரை மேசையில் வைத்து, விரலால் அந்த உருண்டையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"என்ன குடுத்தீங்க?"

"தீனிதான் டாக்டர். அப்புறம் பட்டாணி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

மருத்துவர் நெற்றியைச் சுருக்கினார். தீனியும் பட்டாணியும் இப்படிக் கட்டிக்கொள்ளாது, அப்படியென்றால் ஆணி, கம்பி என்று எதையாவது விழுங்கியிருக்க வேண்டும், மயக்கமருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்துத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்றார். இந்த மூச்சுக்கு மயக்கமருந்தைத் தாங்குமா என்பது சந்தேகம்தான் என்றும் மறைக்காமல் சொன்னார். உதவியாளரிடம் ஊசியை எடுக்கச் சொல்லிவிட்டார்.

லிஃப்ட் கதவை இழுத்து உடைத்துவிட்டு, நாங்க ஒண்ணுமே பண்ணல, அதுவா நின்னுடுச்சு என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்களில் மெக்கானிக் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறார். அந்தப் பொய்யை நம்பி அரை நாள் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருக்கிறார். என்ன நடந்ததுன்னு சொன்னாத்தானே சரிபண்ண முடியும் என்று கத்தியும் இருக்கிறார். உதவியாளர் ஊசி மருந்துப் புட்டியைக் குலுக்கினாள்.

"பிரெட்" என்றார். "பிரெட் குடுத்தேன் டாக்டர்."

"எவ்வளவு?"

"தினம் அரைப் பாக்கெட். ஒரு வாரமா. நேத்து முழுசா."

மருத்துவர் அவரை ஒருமுறை பார்த்தார். திட்டவில்லை. ஊசியை வைத்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய குழாயும் கேட்டார். பிறகு அரை மணி நேரம் போராட்டம்தான். மெக்கானிக் வாத்தியாரின் உடம்பைத் துண்டோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். மருத்துவர் குழாய் வழியே கொஞ்சம் தண்ணீர் விடுவார், உருண்டையை மெதுவாகப் பிசைவார், உறிஞ்சி எடுப்பார், மறுபடி விடுவார். புளித்த நாற்றத்தோடு வெள்ளைக் கூழ் சிறிது சிறிதாக வந்தது. நடுவில் ஒருமுறை வாத்தியாரின் தலை தொய்ந்து மெக்கானிக்கின் மணிக்கட்டில் விழுந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தார். உள்ளங்கைக்கு அடியில் இதயம் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

பாதிதான் வந்திருக்கிறது, மீதி மாலைக்குள் கரைந்து இறங்காவிட்டால் வேறு வழியில்லை, அறுக்க வேண்டியதுதான், வாத்தைப் பெட்டியோடு விட்டுவிட்டுப் போங்கள் என்றார் மருத்துவர்.

ஆறு மணிக்கு மனைவி கூப்பிட்டபோது மருத்துவரிடமிருந்து இன்னும் தகவல் இல்லை. குண்டம்மாவையும் வாயாடியையும் காட்டினார். எங்க நம்ம வாத்தியாரு என்று கேட்டாள். தண்ணிக்குள்ள இருக்கான் என்று சொல்ல வாய் வரை வந்தது. இவள் தன் அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே கேட்கிறாள், இப்போது எதற்கு என்றுகூட நினைத்தார்.

"ஆஸ்பத்திரில விட்டிருக்கேன்" என்றார். "பிரெட் குடுத்தேன். நெஞ்சுல அடைச்சுக்கிச்சு. பொழைக்குமான்னு தெரியல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்ததைப் படிக்கலையா என்றுதான் கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தார்.

"எதுக்குக் குடுத்தீங்க?"

"எங்கிட்ட வரவே மாட்டேன்னுதுங்க. பிரெட்டுக்கு வந்துதுங்க."

அவள் முகம் என்னவோபோல ஆயிற்று. பக்கத்தில் அம்மா காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"முதல் முதல்ல வாங்கினோமே ஒரு குஞ்சு, ஞாபகம் இருக்கா? பூனை தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு சொன்னேனே. பூனை இல்லங்க. நான்தான். கேட்டுக் கேட்டுக் கத்துதேன்னு நாள் பூரா பிரெட் போட்டேன். நீங்க வேலைக்குப் போனப்புறம் செத்துப்போச்சு. வேலியோரமா நானே குழி வெட்டிப் புதைச்சேன்."

ஆறு வருடம். அந்தப் பூனையை அவர் எத்தனை முறை கல்லெடுத்து விரட்டியிருக்கிறார். கோபம் வரவேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். எப்படிச் சொல்வது என்று அவள் திருப்பிக் கேட்டாள். இரண்டு பேரும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அணைக்க இருவருக்கும் மனமில்லை.

ஏழு மணி சுமாருக்கு மருத்துவர் அழைத்தார். அடைப்பு இறங்கிவிட்டது, தானாகத் தண்ணீர் குடிக்கிறது, உதவியாளரை ஒரு கடி கடித்தும் விட்டது, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்புகிறேன் என்றார். அதை அப்படியே மனைவியிடம் சொன்னார், கடித்ததை மட்டும் இரண்டு முறை.

வாத்தியார் இளைத்துப்போய்த் திரும்பி வந்தது. மாலையில் கேட் சத்தம் கேட்டு மூன்றும் ஓடிவந்து அவர் கையைப் பார்த்தன. அவர் நேராகத் தொட்டிக்குப் போய் ஒரு கைப்பிடி பட்டாணியைத் தண்ணீரில் தூவினார். மூன்றும் தலையை முக்கி முக்கித் தின்றன. முடிந்ததும் அவரைச் சுற்றிவந்து கத்தின. வாயாடி செருப்பைக் கொத்தி இழுத்தது. அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வாத்தியார் முன்னால் நடக்க, மூன்றும் செடிப்பக்கம் போய்விட்டன. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். அவர் கை அந்த ஒரு பிடிக்கு மேல் போகவில்லை.