போர்ட்டிகோவில் பத்து நிமிடம்

அப்பாவின் பிடரிக்குக் கீழே விரல்களை நுழைத்து 'போ-டை' கழுத்துப்பட்டியின் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தாள் ஜான்சி. உயிரோடு இருந்தவரை ஆரோக்கியராஜ் கண்ணாடிகூடப் பார்க்காமல் அதை ஒரு நொடியில் மாட்டிக்கொள்வார். இப்போது கழுத்து விறைத்துக் கிடந்தது. மாட்டி முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

"இன்னாடி இது, பேண்டு வாத்தியக்காரன் கணக்கா கீறான்," என்றாள் அத்தை அந்தோணியம்மாள். "ஒரு பட்டு வேட்டி கட்னா ஆவாதா?"

"ஸ்னூக்கர் ஆடறவங்க இப்படித்தான் போடுவாங்க அத்தை. இதப் போட்டுட்டுதான் நேஷனல் ஜெயிச்சாரு."

அத்தை தம்பியின் கோட்டில் இல்லாத தூசியைத் தட்டினாள். நேற்றுக் காலை ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. வயது அறுபது.

அப்போதுதான் போன் வந்தது. வெல்டன் க்ளப் செக்ரட்டரி நந்தகுமார்.

"மேடம், நியூஸ் கேட்டு மனசே சரியில்ல. அவரு எங்க க்ளப்போட பிள்ளை. சர்ச்சுக்குப் போற வழியில ஒரு பத்து நிமிஷம் இங்க கொண்டு வாங்க. மெயின் போர்ட்டிகோவுலயே வெச்சு மரியாதை பண்றோம். பிரஸ்ஸுக்கும் சொல்லிட்டோம்."

க்ளப்போட பிள்ளை! பத்தொன்பது வயதில் சீனிவாசபுரம் குப்பத்திலிருந்து போய் அங்கே மார்க்கர் வேலைக்குச் சேர்ந்தவர் அப்பா. மேசையில் பந்து அடுக்க வேண்டும், புள்ளி எழுத வேண்டும், ஐயாமார்களின் குச்சி முனைக்கு நீலச் சாக்குக்கட்டி தேய்த்துக் கொடுக்க வேண்டும். துணைக்கு ஆடும்போது பெரிய மனிதர் யாராவது தோற்கிற மாதிரி இருந்தால், சுலபமான பந்து ஒன்றைக் கை தவறினாற்போலத் தவறவிடவும் வேண்டும். வருவதும் போவதும் சமையற்கட்டுக் குப்பைத் தொட்டிகளை ஒட்டிய பின்கேட் வழியாக. போர்ட்டிகோ படி மெம்பர்களுக்கு மட்டும். மூன்று தடவை ஸ்டேட் சாம்பியன் ஆனார், ஒரு தடவை நேஷனலும் ஆனார். கேட் மட்டும் மாறவில்லை.

ஒரு நாள் மெம்பர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருந்த மதியத்தில், ஒரு பந்துகூடத் தவறாமல் எல்லாவற்றையும் குழியில் தள்ளி நூற்று நாற்பத்தேழு எடுத்தார். ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய உச்சப் புள்ளி அதுதான். அந்த எண்ணைக் கனவில்கூடக் காணாமல் ரிட்டயர் ஆகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். பார்த்த ஒரே ஆள் கூட வேலை செய்த சைஃப். அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பெயர் எழுதுகிற பலகை ஒன்று சுவரில் உண்டு. கேட்டதற்கு, அது மெம்பர்களுக்கான பலகை என்றார்கள். இன்றைக்கும் அதில் முதல் பெயராக நிற்பது அறுபத்தெட்டு எடுத்த ஒரு டாக்டர்.

வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் கழித்து அதை விட்டுத் தொழில்முறை ஆட்டக்காரரானபோது, காசுக்கு ஆடுகிறவர் க்ளப் மேசையைத் தொடக் கூடாது என்று கடிதம் வந்தது. அவர் பாட்டுக்கு பாங்காக் போய் ஆடினார், தோஹா போய் ஆடினார், வேளச்சேரியில் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார். பின்னால் க்ளப்காரர்களே காட்சி ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். "முன்வாசல் வழியா கூப்பிடட்டும், வரேன்," என்றார். கூப்பிடவில்லை.

வேண்டாம் என்று சொல்ல ஜான்சி வாயெடுத்தாள். அதற்குள் அத்தை போனைப் பிடுங்கி, "வர்றோம் சார்," என்றுவிட்டாள். பிறகு இவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "செத்தப்பறமாச்சும் அந்தப் படிய ஏறட்டும்டி."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஜான்சி சம்மதித்தாள்.

நான்கு மணிக்குச் சாந்தோம் சர்ச்சில் பூசை. மூன்றுக்கெல்லாம் அப்பாவின் பெட்டியோடு வண்டி அபிராமபுரத்தில் க்ளப் வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே போர்ட்டிகோ தூண்களில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். புல்தரையில் வெள்ளை நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"பேக் கேட்டாண்ட போங்க," என்றார் வாட்ச்மேன்.

"போர்ட்டிகோன்னு சொன்னாங்க."

"எனக்குப் பின்னாடின்னுதாம்மா சொல்லிகீறாங்க."

ஜான்சி இறங்கினாள். நந்தகுமார் வேகமாக நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் ஓர் ஆள் மலர்வளையத்தைச் சுமந்து வந்தான்.

"மேடம், ஒரு சின்ன சேஞ்ச். சாயங்காலம் ஒரு மெம்பர் வீட்டு ரிசப்ஷன். நல்ல காரியம் நடக்கற இடம், புரிஞ்சுப்பீங்க. பின்பக்கம் ஷாமியானா போட்டு நீட்டா பண்ணிருக்கோம்."

"பின்பக்கம்னா? கிச்சன் பக்கமா?"

"இடம் எதுவா இருந்தா என்ன மேடம், மனசுதானே."

"பன்னெண்டு வருஷம் எங்கப்பா அந்த கேட் வழியாதான் சார் வந்தாரு. அதே கேட்ட காட்டறதுக்கா பொணத்தக் கொண்டாரச் சொன்னீங்க?"

"கொஞ்சம் மெதுவா... பிரஸ் இருக்கு."

"இருக்கட்டுமே. இங்க வரச் சொல்லுங்க, எதுக்காகத் திரும்பிப் போறோம்னு எழுதிக்கட்டும்."

அதற்குள் அந்தோணியம்மாளும் இறங்கிவிட்டாள். நாற்பது வருஷம் மீன் கூவி விற்ற தொண்டை. வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா சார் நெனச்சிகினு கீற? நாங்களா வந்து கேட்டோம்? நீதானே போன் போட்டு கூப்ட்ட? உசுரோட இருக்க சொல்ல மார்க்கர்னு பின்னாடி அனுப்ச்ச. இப்ப பொணம்னு பின்னாடி அனுப்பறியா?" சொல்லச் சொல்லவே குரல் உடைந்தது. "எல்லாம் என் வாயிதான்டி... நாந்தான வர்றோம்னு சொன்னேன்."

அத்தை அழுது ஜான்சி பார்த்ததில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு டிரைவரிடம் சொன்னாள்: "வண்டிய எடுங்கண்ணே. கோயிலுக்குப் போலாம்."

"மேடம், இந்த மலர்வளையமாவது..."

"உங்க பலகையில மாட்டுங்க சார்."

குறுகலான தெரு. வண்டி முன்னும் பின்னுமாகத் திணறித் திரும்பிக்கொண்டிருந்தபோது, போர்ட்டிகோ படியில் நான்கு மார்க்கர்கள் இறங்கி வந்தார்கள். கறுப்புப் பேன்ட், கறுப்பு வெயிஸ்ட்கோட். முன்னால் வந்தவர் சைஃப். தலை முழுக்க நரைத்திருந்தது.

"பாய், இந்தப் பக்கம் எறங்கக் கூடாது," என்றார் வாட்ச்மேன், பழக்கதோஷத்தில்.

"சைஃப், மேல ஆட்டம் நடக்குதே!" என்றார் நந்தகுமார்.

"நாலு பந்து பாக்கி கீது சார். அவுங்களே அடுக்கி, அவுங்களே ஆடிக்கட்டும்."

அப்படியென்றால் ஆட்டத்தைக்கூட நிறுத்தவில்லை. இவர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்த நேரமெல்லாம் மேலே பந்து உருண்டுகொண்டுதான் இருந்திருக்கிறது. சைஃப் வண்டியில் ஏறி, பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். மற்ற மூவரும் எதிரே நெருக்கிக்கொண்டார்கள்.

"போலாம் பாப்பா," என்றார்.

சாந்தோமில் அந்த நால்வருமே பெட்டியைத் தோளில் வாங்கிக்கொண்டார்கள். நடுவழியில் ஓரிடத்திலும் மாற்றிக்கொள்ளாமல் பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய் இறக்கினார்கள்.

பெட்டி மூடியில் ஒட்டியிருந்த வெள்ளைத் துணியில், வெள்ளிச் சிலுவைக்குப் பக்கத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை நீலமாகப் பதிந்திருந்தது. சாக்குக்கட்டி நீலம், சுமந்து வந்த நால்வரில் ஒருவருடைய விரல்.

அந்தோணியம்மாள் முந்தானை நுனியை எச்சில் தொட்டுத் துடைக்கப் போனாள். ஜான்சி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சாமியார் வந்து நின்று, எல்லோரும் எழுந்த பிறகும் விடவில்லை.